வெந்நீர் ஆச்சா?

ஜூலை 30, புதன்

புது நோட்டு. எதையும் வரிசைப்படுத்திக்கொண்டுதான் எனக்குத் தொடங்கத் தெரியும். இந்தப் பருவத்தில் இதில் எழுதப்போவது:

1. அறுபத்தாறு வயதில் தடய அறிவியல் இளங்கலை ஏன் படிக்கிறேன் என்பது. (சுருக்கமாக. பிறருக்குச் சொல்லும் காரணம் எனக்கே முழுத் திருப்தி தருவதில்லை.)

2. பன்றிச் செய்முறை. ஓர் உடல் எப்படி அழுகுகிறது, எப்போது என்ன பூச்சி வருகிறது என்பது.

3. அருவருப்பு. வரும்போதெல்லாம் மறைக்காமல் எழுதுவது.

4. வகுப்பில் நான் ஒதுங்கியே இருப்பேன். ஒதுங்கி இருப்பவனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

முதலாவதை இன்றே முடித்துவிடுகிறேன். மதுரையில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் வேலைகளில் ஒன்று. ‘கண், மூக்கு, வாய்ப் பகுதிகளில் புழுக்கள் காணப்பட்டன’ என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எழுதி முடித்து, கை கழுவி, தயிர்ச் சாதம் சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் புழுவை ஒருநாளும் பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு, நான் எழுதியதெல்லாம் சரிதானா என்றொரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. வயது வரம்பு பார்க்காத ஒரு தனியார் கல்லூரி ஊருக்கு வெளியே இருக்கிறது. சேர்ந்துவிட்டேன். வகுப்பில் என்னைத் ‘தாத்தா’ என்கிறார்கள். வருகைப் பதிவின்போது என் பெயர் வந்தால் பின்வரிசையில் யாராவது இருமுவார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பன்றி வந்துவிட்டது.

பண்ணையில் செத்த இரண்டு குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்கள். கல்லூரிக்குப் பின்னால் கருவேலங்காட்டில், தள்ளித் தள்ளி இரண்டு கம்பிக் கூண்டுகள். இந்தச் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். எங்கள் கூண்டுக்கு நானும் காளீஸ்வரியும். என்னோடு சேர யாரும் முன்வரவில்லை. அவளோடும் யாரும் சேரவில்லை, அவள் கேள்வி கேட்டு வகுப்பை நீட்டுகிறாள் என்பதால். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண். அப்பா பருப்பு மில்லில் மூட்டை தூக்குகிறவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள்.

“எங்க சாமிக்குப் பன்னி வெட்டுவாங்க தாத்தா. வெட்டுன கையோட ஆக்கித் தின்னுருவோம். இப்படிப் படுக்கப் போட்டு வேடிக்கை பாக்கறது இதான் மொதத் தடவ” என்றாள்.

நான் சைவ வீட்டுப் பிள்ளை. அதைச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

துறைத் தலைவர் டாக்டர் எட்வின் ஞானதாஸ் முறையை விளக்கினார். வரும் ஞாயிறு வரை தினமும் காலை ஏழு மணிக்கு, லேப் திறப்பதற்கு முன்பே, புழுக்களை எடுக்க வேண்டும். இருப்பதில் பெரியவையாகப் பொறுக்க வேண்டும். முதலில் வெந்நீரில் முக்கிக் கொன்று, பிறகு ஸ்பிரிட்டில் போட வேண்டும்.

“உயிரோட நேரா ஸ்பிரிட்ல போட்டீங்கன்னா சுருங்கிடும். அப்புறம் அது எத்தனை நாள் புழுன்னு யாராலும் சொல்ல முடியாது. புழுவோட நீளம்தான் நம்ம கடிகாரம். ஃப்ளாஸ்க்ல வெந்நீர் கொண்டு வாங்க” என்றார். பேசும்போதே மேஜை இழுப்பறையிலிருந்து நேந்திரம் சிப்ஸ் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். விரல்களைத் திரைச்சீலையில் துடைத்துக்கொண்டார்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். புழுக்களை எடுப்பது அவள். வெந்நீரும் ஸ்பிரிட்டும் நான். பின்னர் லேப்பில் அளப்பது அவள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஈ முட்டைகள். வாயோரத்திலும் கண்ணோரத்திலும், துருவிய தேங்காயைக் கொத்தாக ஒட்டிவைத்தது போல. மதியத்துக்கு மருமகள் கோமதி தேங்காய்ச் சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். திறந்து, மூடிவிட்டேன்.

கேன்டீனில் டீ குடிக்கப் போனோம். மாஸ்டர் கரண்டியை நீட்டித் தடுத்தார். “புழுப் பார்ட்டியெல்லாம் வெளியவே நில்லுங்க. டீ அங்க வரும்.” எல்லோரும் சிரித்தார்கள். காளீஸ்வரி, “அப்ப வடையும் இங்கயே வரட்டும் அண்ணே” என்றாள். நான் டீயை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பன்றியின் வயிறு ஊதிவிட்டது. தோல் பச்சையும் ஊதாவுமாக மாறுகிறது. முட்டைகள் பொரிந்து, வாய்க்குள் ஒரு கொதிப்பு. சத்தம் கேட்கிறது. ஊறவைத்த அவலில் கைவிட்டுப் பிசைந்தால் வரும் சத்தம். இதை எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை, மொழிபெயர்த்ததும் இல்லை.

நாற்றத்தைப் பற்றி: அது மூக்கில் இல்லை. நாக்கின் அடியில் தித்திப்பாகத் தங்குகிறது.

கூண்டுவரை என்னால் போக முடியவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். “நீங்க மோட்டார் ரூம் நெழல்ல நில்லுங்க தாத்தா, நான் எடுத்தாறேன்” என்றாள் அவள். ஐஸ்கிரீம் டப்பாவில் உயிரோடு கொண்டுவந்து கொடுத்தாள். ஃப்ளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி, அதில் முக்கி, ஸ்பிரிட் பாட்டிலுக்கு மாற்றினேன். வெள்ளையாக, நேராக, அழகாக நீண்டு கிடந்தன. அழகு என்றா எழுதினேன்? எழுதியது இருக்கட்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். மூன்றாவது குறிப்பில் மறைக்காமல் எழுதுவேன் என்று இருக்கிறது.

சாயங்காலம் கோமதி சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். மகன் ஓசூரில் வேலையாக இருப்பதால் வீட்டில் அவளும் பேத்தியும் நானும்தான்.

“மாமா, இங்க கொஞ்சம் வாங்க.”

ஃப்ளாஸ்க் மூடியை விளக்குக்கு நேராகப் பிடித்திருந்தாள். நான் சோப்புப் போட்டுக் கழுவியதுதான். மூடியின் உள்பக்கத் திருகுப் பள்ளத்தில் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது.

“இது என்ன?”

“அரிசி போல இருக்கு” என்றேன்.

“அரிசிக்குக் கறுப்பு மூக்கு இருக்குமா மாமா?”

அவள் மூடியை வைத்துவிட்டுத் தொட்டியில் குனிந்து ஓங்கரித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, கத்தாமல் சொன்னாள்: “நீங்க படிக்கப் போறதப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஊர்ல எல்லாரும் கேட்டப்பவும் சிரிச்சுட்டுப் போயிருக்கேன். ஆனா இது பாப்பாவுக்குப் பால் ஊத்துற ஃப்ளாஸ்க், மாமா.”

பாப்பா குடிக்கவில்லை. ஊற்றுவதற்கு முன்பே கோமதி பார்த்துவிட்டாள். ஃப்ளாஸ்க்கை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். என் தட்டும் டம்ளரும் இப்போது தனி அலமாரியில் இருக்கின்றன. அவள் செய்தது சரி. பாப்பா மடியில் ஏற வந்தபோது நானே எழுந்து போய்விட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெந்நீர் கிடைக்கக்கூடிய இடங்களை யோசித்தேன். கேன்டீன் மாஸ்டர் உள்ளே விடமாட்டார். வீட்டில் இன்னொரு பாத்திரம் கேட்க வாய் வரவில்லை. லேப் திறக்கும்வரை வைத்திருந்தால் புழு வளர்ந்துவிடும்.

காளீஸ்வரி டப்பாவைக் கொடுத்துவிட்டு உடனே கூண்டுக்குத் திரும்பினாள், வெப்பநிலை குறிக்க. அங்கிருந்தே கத்தினாள்: “வெந்நீர் ஆச்சா தாத்தா?”

ஆச்சு என்றேன்.

ஸ்பிரிட்டில் அவை நெளிந்து, ஒன்றை ஒன்று சுற்றி, மெதுவாக நின்றன. பார்க்க நன்றாக இல்லை.

மாலையில் பாத்திரக் கடை வாசல்வரை போனேன். கடைக்காரர் தெரிந்தவர். போன தீபாவளிக்கு அந்த ஃப்ளாஸ்க்கை விற்றவர். அது என்ன ஆச்சு என்று கேட்பார் எனத் தோன்றியது. பக்கத்துக் கடையில் கற்பூரம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

மழை இல்லை. வேட்டி இரண்டும் துவைத்தேன். டெட்டால் தீர்ந்துவிட்டது. வெந்நீர் ஆச்சா என்று கேட்டாள். ஆச்சு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்றைப் போலவே. பன்றியின் வயிறு உடைந்துவிட்டதாம். அவள் சொல்லக் கேட்டதோடு சரி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

லேப்பில் காளீஸ்வரி அளவெடுத்தாள். வியாழன் வரையிலான பாட்டில்களில் வெள்ளைப் புழுக்கள் நேராக இருந்தன. வெள்ளி முதல் ஞாயிறு வரையிலானவை சுருண்டு, பழுப்பேறி, வதங்கிய கத்திரிக்காய்க் காம்பு போலக் கிடந்தன.

“என்ன தாத்தா, நம்ம ஆளு தின்னத் தின்ன கட்டையாயிட்டே போறான்?” என்றாள். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் மறுபடி அளந்தாள். மூன்றாவது முறையும் அளந்தாள். “சரி, வந்தத எழுதுவோம். நாம என்ன கத விடவா வந்தோம்?”

அப்போது சொல்லியிருக்கலாம். புழுவைக் குழந்தையின் ஃப்ளாஸ்க்கில் வீட்டுக்குக் கொண்டுபோனவன் என்று ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? நாளை சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

துறைத் தலைவர் இருவரையும் கூப்பிட்டார். அடுத்த கூண்டின் அளவுகள் ஒரு பக்கம், எங்கள் அளவுகள் மறுபக்கம். பாட்டில்களைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. எண்களை மட்டும் பார்த்தார்.

“ஒரே பண்ணைக் குட்டி, ஒரே நாள் போட்டது, ஒரே காடு. அங்க ஞாயித்துக்கிழமைப் புழு பெருசா இருக்கு. இங்க மட்டும் வியாழக்கிழமைப் புழுவைவிடச் சின்னதா இருக்கே? தின்னுட்டிருக்கற புழு சின்னப் புள்ளையாத் திரும்புமா? வெந்நீர்ல போட்டீங்களா?”

“போட்டோம் சார்” என்றாள் காளீஸ்வரி, உடனே, நிச்சயமாக. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அப்ப ஒண்ணுதான். நாத்தம் தாங்கலை, கூண்டுப் பக்கம் போகலை. முதல்ல எடுத்ததுல மிச்சம் இருந்த குட்டிப் புழுவை வெள்ளி, சனி, ஞாயிறுன்னு பேர் போட்டு நிரப்பியிருக்கே.”

“சார், நான் டெய்லி போனேன் சார். தாத்தாவக் கேளுங்க.”

அவர் என்னிடம் திரும்பினார். என்னோடு பேசும்போது மட்டும் அவர் குரல் மரியாதையாகிவிடும். “சார், நீங்க பெரியவர், கோர்ட்ல இருந்தவர். அவ கூண்டுலேர்ந்து எடுத்ததை நீங்க கண்ணால பார்த்தீங்களா?”

“கண்ணால பார்க்கலை” என்றேன்.

அது உண்மை. நான் மோட்டார் அறை நிழலில் இருந்தேன்.

“அவ்வளவுதான். நம்ம படிப்புல பொய்ச் சாம்பிள்னா என்ன தெரியுமா காளீஸ்வரி? நாளைக்கு ஒருத்தன் அநியாயமா உள்ள போவான். இந்தப் பருவம் நீ பரீட்சை எழுத முடியாது. அப்பாவைக் கூட்டிட்டு வா.”

பரீட்சை எழுதாவிட்டால் அவளுடைய உதவித்தொகை நிற்கும். உதவித்தொகை நின்றால் படிப்பும் நிற்கும். இதை அவள் அங்கே சொல்லவில்லை. படியில் இறங்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் இரண்டு படி பின்னால் இருந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கை நாறுகிறது. சோப்பு, எலுமிச்சை, டெட்டால் எல்லாம் பார்த்தாயிற்று. கோமதியிடம் முகர்ந்து பார்க்கச் சொன்னேன். தூரத்தில் நின்றே முகர்ந்து, ஒன்றுமில்லை மாமா என்றாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. கொடியேற்றத்துக்குப் போகவில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். நகம் வெட்டினேன், சதை தெரியுமளவுக்கு.

ஆகஸ்ட் 18, திங்கள்

காளீஸ்வரியின் அப்பா வந்திருந்தார். துறைத் தலைவரின் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வேலையும் இல்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். கதவு பாதி திறந்திருந்தது.

“அது பொய் சொல்லாதுங்க சார். வீட்ல பால் பொங்கிப் போச்சுன்னாக்கூட நாந்தான் பாக்கலன்னு அதுவே வந்து சொல்லிரும்.”

“உங்க பொண்ணு நல்ல பொண்ணா இருக்கலாங்க. நாத்தம் பிடிச்ச வேலை, ஏமாத்திட்டா. சயின்ஸ்ல இதுக்கு மன்னிப்பு கிடையாது.” சிப்ஸ் நொறுங்கும் சத்தம்.

“நாத்தம் அதுக்கு ஒண்ணும் புதுசில்லங்க. எங்க தெரு வாய்க்கால வந்து பாருங்க.” கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே நின்றார். அவருக்குப் பின்னால் காளீஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வரும்போது அவள் கண் என் மேல் பட்டது. நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். வார் சரியாகத்தான் இருந்தது.

பன்றியைப் பார்த்து இரண்டு முறை வாந்தி எடுத்தவன் நான். இன்று மூன்றாவது முறை. பக்கத்தில் பன்றி இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

போய்ச் சொல்லிவிட்டேன். முதலில் எழுதிப் பார்த்தேன், மூன்று முறை திருத்தினேன், கடைசியில் காகிதத்தைப் பையிலேயே வைத்துவிட்டு வாயால் சொன்னேன். ஃப்ளாஸ்க், மூடி, கோமதி, கேன்டீன், மூன்று நாளும் நேராக ஸ்பிரிட்.

துறைத் தலைவர் சிரித்தார். “சார், உங்க மனசு தெரியுது. அந்த அப்பனைப் பார்த்ததும் இளகிட்டீங்க. பேத்தி மாதிரி. பழியை நீங்க ஏத்துக்கறீங்க.”

“இல்லை சார். நான்தான் செய்தேன்.”

“வெந்நீர்ல போட்டோம்னு அவளே சொன்னாளே.”

“என்னை நம்பிச் சொன்னாள்.”

“பாட்டிலைப் பாருங்க, புழு கறுத்திருக்கு” என்றும் சொன்னேன். “ஸ்பிரிட் மட்டமானதா இருந்தாலும் கறுக்கும் சார். போங்க, வெயில்ல அலையாதீங்க” என்றார். உண்மை பேசியும் ஒருவன் நம்பப்படாமல் போவது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. அவளுக்கு அது ஒரு வாரமாகத் தெரியும்.

ஆகஸ்ட் 20, புதன்

கறிக்கடைக்குப் போனேன். வாழ்க்கையில் முதல்முறை.

“என்னங்கய்யா, வழி மாறி வந்துட்டீகளா?” என்றார் கடைக்காரர்.

“ஈரல். கால் கிலோ.”

“பேரப் பிள்ளைக்கா? நல்லா ரத்தம் ஊறும். மிளகு போட்டு வதக்கச் சொல்லுங்க.”

கறுப்பு உறையில் அது இளஞ்சூடாக, வழுவழுவென்று என் உள்ளங்கையில் சரிந்தது. பேருந்தில் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே போனேன். மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு பழைய வாளியில் போட்டு, மேலே கம்பிவலை கட்டினேன். மதியத்துக்குள் ஈ வந்துவிட்டது. ஈ யாரையும் காக்க வைப்பதில்லை.

ஆகஸ்ட் 23, சனி

தினமும் வாளிக்கு மேல் குனிந்து பார்க்கிறேன். வாந்தி வருகிறது. எடுத்துவிட்டு மறுபடி குனிகிறேன். ஈரல் கூழாகிவிட்டது. கொதிக்கிறது. கையை மேலே நீட்டினால் அனல் தெரிகிறது. இத்தனை சிறிய பிராணிகள் கூடித் தின்றால் இவ்வளவு சூடு வரும் என்பதையும் நான் மொழிபெயர்த்ததில்லை.

பாத்திரக் கடைக்குப் போய்ப் புது ஃப்ளாஸ்க் வாங்கினேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் கோமதியிடம், “இது கல்லூரிக்கு மட்டும். வீட்டுக்குள் வராது. கொஞ்சம் வெந்நீர் வேண்டும்” என்றேன். அவள் ஃப்ளாஸ்க்கைத் தொடாமல், பாத்திரத்தை உயரத் தூக்கி ஊற்றினாள். “மூடியில புழுவப் போடாதீங்க மாமா. தனியா கிண்ணம் எடுத்துட்டுப் போங்க” என்று ஒரு பழைய எவர்சில்வர் கிண்ணத்தை வாசலில் வைத்தாள்.

காளீஸ்வரியை வரச் சொல்லியிருந்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. துறைத் தலைவரின் மேஜை மேல் செய்தித்தாளை விரித்து, வாளியை வைத்து, வலையை அவிழ்த்தேன். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“சார், என்ன இது, ஆபீஸ் ரூம்ல!”

“பத்து நிமிஷம் சார்.” ஒரே அளவுப் புழுக்களாக அவரையே பொறுக்கச் சொன்னேன். பாதியை வெந்நீரில் முக்கி ஸ்பிரிட்டில் போட்டேன். மீதியை உயிரோடு ஸ்பிரிட்டில் விட்டேன். அவை நெளிந்து சுருண்டு நிற்கும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பாட்டிலையும் மூடி, மேல் அவர் கையாலேயே ஒட்டுத்தாள் ஒட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். கோர்ட்டுப் பழக்கம்.

மாலையில் அவரே திறந்து அளந்தார். வெந்நீர் கண்டவை அப்படியே இருந்தன. மற்றவை நீளத்தில் கால் பங்கு குறைந்து, பழுப்பேறத் தொடங்கியிருந்தன. முதல்முறையாக எங்கள் பழைய பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பிடித்திருந்தார்.

“சரி” என்றார். “சார், நீங்க எழுதிக் கொடுங்க. உங்களுக்கு இந்தப் பேப்பர் அடுத்த வருஷம்தான். காளீஸ்வரி, நீ பரீட்சை எழுதலாம்.”

அவளிடம் வேறெதுவும் சொல்லவில்லை. புழுவைத் தொட்ட விரல்களைத் திரைச்சீலையில் துடைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்து சிப்ஸ் எடுத்தார். அதைப் பார்த்து அருவருக்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் அருவருத்தேன்.

நடைவழியில் காளீஸ்வரி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். படியருகே நின்றாள்.

“ஆச்சான்னு நான் கேட்டப்ப ஆச்சுன்னீங்க. அதக்கூட விட்றலாம் தாத்தா. கண்ணால பாக்கலன்னு சொன்னீங்க பாருங்க. அது நெசந்தான். நெசத்த வச்சே கவுத்துட்டீங்க.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“எங்கப்பா அந்தாளு முன்னாடி கும்பிட்டு நின்னாரு. நீங்க செருப்பு மாட்டிக்கிட்டிருந்தீங்க.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் கையிலிருந்த ஃப்ளாஸ்க்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, திருகுப் பள்ளத்தை விரல் விட்டுச் சுற்றிப் பார்த்தாள். மூடினாள். தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அடுத்த செய்முறைக்கு வெந்நீர் நான் கொண்டாறேன். நீங்க கூண்டுக்கு வாங்க. மோட்டார் ரூம்ல நிக்கக் கூடாது. வாந்தி வந்தா எடுத்துட்டு வந்து நில்லுங்க. நான் எடுக்கறத ஒவ்வொண்ணா கண்ணால பாருங்க.”

“மதிப்பெண் எனக்கு இல்லையே, நான் எதற்கு…” என்றேன்.

“எனக்கு இருக்குல்ல” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வாளியைக் குழி தோண்டிப் புதைத்தேன். கிண்ணத்தைக் கோமதி திரும்ப வாங்கவில்லை. அது வாசலிலேயே இருக்கட்டும் என்றாள்.

முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்று குறிப்புகளில் திருத்தம் இல்லை. நான்காவது குறிப்பு, இரண்டாவது வாக்கியம், ‘ஒதுங்கி இருப்பவனால் யாருக்கும் கெடுதல் இல்லை’: தவறு.